காசிக்குப் போகிறோம்: ஆரத்தி, படகு தவிர ஊரைப் பார்க்க என்ன வழி?

அமராவதிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் அம்மா, கணவர், நான் மூன்று பேரும் காசிக்குப் போகிறோம். அம்மாவுக்கு அப்பாவின் காரியம் முக்கியம், அதற்குப் புரோகிதர் ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. அது போக மீதி நாட்கள் கையில் இருக்கின்றன. யூடியூபில் தேடினால் எல்லாரும் ஒரே படகில் ஏறி, ஒரே ஆரத்தியைப் பார்த்து, ஒரே லஸ்ஸி கடை வாசலில் நின்று வீடியோ எடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், என்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள் என்று பார்க்க எங்களுக்கு ஆசை. எனக்கு இந்தி அரைகுறையாகப் பேச வரும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நிறைய கிடைத்துவிட்டது, எப்போது போவது, எப்படிப் போவது என்பதைத்தான் கேட்கிறேன். அங்கே வாழ்ந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ரயில்கூடு:
டிசம்பர் கடைசி என்றால் முதல் விஷயம் பனிமூட்டம். அந்தப் பக்கம் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாக வருவது அந்த மாதங்களில் சகஜம். அப்பாவின் காரியத்துக்குத் தேதி குறித்திருந்தால் அதற்கு முந்தைய நாளே போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள், இன்னும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அப்புறம், டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பாருங்கள். வாரணாசி சந்திப்பு வேறு, பனாரஸ் நிலையம் வேறு (2021 வரை மண்டுவாடி என்று இருந்தது), ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு, அதாவது பழைய முகல்சராய், அது வேறு. மூன்றும் ஒன்று என்று நினைத்து அதிகாலையில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அலைகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

லங்கா வாசல்:
அக்கா, நான் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். ஊரைவிட்டு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் யாராவது காசி என்று சொன்னால் எனக்குப் பேசாமல் இருக்க முடியாது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம்தான் பாதி. நம்மவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குப் பக்கம் வேண்டும் என்று கோதௌலியா, தசாசுவமேத காட் (காட் என்றால் படித்துறை) பக்கத்தில் அறை எடுக்கிறார்கள். அம்மாவின் தரிசனத்துக்கு அது வசதிதான், ஆனால் அந்த வட்டாரத்தில் நாள் முழுக்க யாத்ரீகர் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், கடைக்காரருக்கு உங்களிடம் பேச நேரமே கிடைக்காது. கேதார் காட், ஹனுமான் காட், சோனார்புரா, அங்கிருந்து அஸ்ஸி வரைக்கும் உள்ள பகுதியில் தங்குங்கள். அங்கே சந்துகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், துணி காயப்போடும் பெண்கள், சந்தின் குறுக்கே படுத்திருக்கும் மாடு எல்லாம் உங்கள் வாசலிலேயே இருக்கும். பெங்காலிடோலா என்று வங்காளிகள் பல தலைமுறையாக வாழும் தெருவும் நடக்கிற தூரம்தான்.

அடுத்தது நேரம். கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில் இருக்கிறது, படித்துறைகள் எல்லாம் கிழக்கைப் பார்த்தவை, எதிர்க்கரையில் மணல்வெளி. அதனால் சூரியன் எழுந்ததும் முதல் வெளிச்சம் நேராகப் படிகளில் விழும். இந்த ஊர் காலையில் வாழ்கிற ஊர். டிசம்பர் கடைசியில் சூரியன் வர ஆறே முக்கால் ஆகும், மூட்டம் இருந்தால் இன்னும் தாமதம். நீங்கள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் படிக்கு வந்துவிட்டால் தினமும் குளிக்க வருகிற உள்ளூர்ப் பெரியவர்கள், அக்காடாவில், அதாவது மல்யுத்தக் களத்தில், மண்ணில் புரண்டு பயிற்சி செய்யும் பையன்கள், கல்லில் துணி அடிக்கிற வண்ணார்கள், படகுக்குச் சாயம் பூசுகிறவர்கள் என்று வேலைநாள் தொடங்குவதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் வெயில் காய்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். மதியம் பிள்ளைகள் கிரிக்கெட். மகர சங்கராந்தி நெருங்க நெருங்க மாடிகளில் பட்டம். இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது, வழிகாட்டியும் வேண்டாம்.

படித்துறைகள் 84 என்று கணக்குச் சொல்வார்கள். அஸ்ஸியிலிருந்து ராஜ்காட் வரை ஆறேழு கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் நடந்து முடிக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஒரு காலை அஸ்ஸியிலிருந்து கேதார் வரை மட்டும் போதும். இன்னொரு காலை மயானப் படித்துறையான மணிகர்ணிகைக்கு வடக்கே பஞ்சகங்கா காட், காய் காட் பக்கம் போங்கள், அங்கே சுற்றுலாக் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும்.

மூன்றாவதாக, நான் யாருக்கும் சொல்கிற ஒரே யோசனை இது: ஒரு டீக்கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே கடை, அதே நேரம். அஸ்ஸி முச்சந்தியில் டீக்கடைப் பேச்சு என்பது ஒரு தனி நிறுவனம் மாதிரி, பேராசிரியர், படகுக்காரர், கட்சிக்காரர், வேலை தேடுகிற பட்டதாரி எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். முதல் நாள் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் கடைக்காரர் ஊர் எது என்பார். அதற்கடுத்த நாள் பெஞ்சில் இருப்பவரே நகர்ந்து இடம் கொடுப்பார், அப்புறம் சென்னையில் மழையாமே என்று ஆரம்பித்து உங்கள் குடும்பக் கதை வரை கேட்டுவிடுவார். நாளுக்கொரு புகழ்பெற்ற கடை என்று ஓடினால் எல்லா இடத்திலும் நீங்கள் முதல் நாள் ஆளாகவே இருப்பீர்கள்.

சாப்பாட்டை அப்புறம் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

ஆத்தங்குடி ஓடு:
அம்மாவுக்காகப் போகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லவேண்டும் தங்கச்சி. யாத்திரை வேறு, ஊரின் உண்மையான வாழ்க்கை வேறு என்று பிரித்து நீங்கள் கேட்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை. காசியின் தொழிலே யாத்ரீகர்தான், பல நூறு வருடமாக. அதிலும் தமிழர்கள் அங்கே வேடிக்கை பார்க்கப் போன விருந்தாளிகள் மட்டும் இல்லை. கேதார கட்டத்தில் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் மடம் வைத்தார், கேதாரேசுவரர் கோயிலை இன்றைக்கும் அந்த மடத்தின் வழிவந்தவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். படிகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பதைப் பார்த்தாலே நம்ம ஊர்க் கோயில் மதில் ஞாபகம் வரும்.

கோதௌலியா பக்கத்தில் எங்கள் நகரத்தார் சத்திரம் இருக்கிறது. விசுவநாதர் பூசைக்கான பொருட்கள் அங்கிருந்து தினமும் போகின்றன. தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ‘சம்போ’ என்று குரல் கொடுத்துக்கொண்டே சந்துக்குள் நடப்பார்கள், கூட்டம் வழிவிடும். 200 வருடத்துக்கு மேலாக நடக்கிற ஏற்பாடு இது. யூடியூபில் யாரும் இதைக் காட்டுவதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள், இதைவிட உள்ளூர்க் காட்சி என்ன வேண்டும்? காய் ஒன்று, பழம் ஒன்று விடுகிற வழக்கம் உங்கள் வீட்டில் உண்டென்றால் அதையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் செய்யுங்கள். பனாரஸ்காரர் டீ குடிப்பதைப் பார்ப்பது நல்லதுதான், நம் வீட்டுப் பெரியவர் கங்கையில் இறங்கும்போது என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதும் அந்த ஊரைத் தெரிந்துகொள்வதுதான்.

அமராவதிக்கரை:
ஐயா, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய பாட்டி காசியிலிருந்து வந்த பிறகு மாம்பழமே தொடவில்லையாம். இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. சம்போ கட்டாயம் பார்க்கிறோம்.

நடைவெளி:
கொஞ்சம் மாற்றுக் கருத்து. தசாசுவமேத காட்டில் ஏழு பேர் மேடையில் நின்று செய்கிற பெரிய ஆரத்தி இப்போதைய வடிவத்தில் 1990களில் வந்தது. அஸ்ஸியில் நடக்கும் காலை ஆரத்தி 2014இல் தொடங்கியது. விசுவநாதர் கோயிலின் புதிய வளாகம் 2021 டிசம்பரில் திறந்தது, அதற்காக நூற்றுக்கணக்கான பழைய வீடுகள் இருந்த சந்துகளே போய்விட்டன. அதனால் பழமை, அசல் என்று தேடிப் போகிறவர்களுக்குக் காசியில் ஏமாற்றம்தான் மிஞ்சும், எல்லாமே பார்வையாளர்களுக்காகச் செய்தது. தெரியாத சின்ன ஊர் எதற்காவது போவது மேல் என்பது என் எண்ணம்.

லங்கா வாசல்:
நீங்கள் சொன்ன வருடங்கள் சரி, முடிவுதான் சரியில்லை என்று நினைக்கிறேன். பெரிய ஆரத்தி புதிதாக இருக்கலாம், ஆனால் அங்கே பூ விற்கும் அம்மாவும் படகு ஓட்டும் மல்லா சமூகத்துப் பையனும் தினமும் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள், அதுவும் அந்த ஊரின் வாழ்க்கை. நீங்கள் ஆரத்திக்கு எதிரே படகில் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்குத் தெரிவது மேடை. ஆரத்தி முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே படியில் உட்கார்ந்தால் விளக்குகளைத் துடைத்து அடுக்குகிறவர்கள், மிஞ்சிய பூவை விலை குறைத்து விற்கிறவர்கள், படகைக் கட்டிவிட்டு ரொட்டி சுடுகிறவர்கள் எல்லாரையும் பார்க்கலாம். ஒரு வழக்கம் எந்த வருடம் வந்தது என்பதைவிட அது யாருடைய அன்றாடத்தில் எப்படிக் கலந்திருக்கிறது என்று பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்.

வீடுகள் இடிந்ததைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை, அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. டீக்கடையில் பழகிய பிறகு அதைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள் அக்கா. கோயில் வசதியானது என்று மகிழ்கிறவர்களும், தாத்தா வீடு இருந்த இடத்தில் இப்போது படிக்கட்டு இருக்கிறது என்கிறவர்களும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள்.

காஞ்சித் தறி:
தொழிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் நெசவு. பனாரஸுக்குப் போய் அங்கே உள்ள தறிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆட்டோக்காரர் ‘நெசவாளர் வீடு காட்டுகிறேன்’ என்று கூட்டிப்போகும் இடம் பெரும்பாலும் கடைதான். முன்னறையில் ஒரு தறி போட்டு ஒருவரை உட்காரவைத்திருப்பார்கள், உள்ளே மெத்தை விரித்துப் புடவையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் வாங்கும் விலையில் அவருக்குப் பங்கு போகும்.

நிஜத் தறிகள் மதன்புரா, பீலிகோட்டி, அலைபுரா பக்கம் வீடுகளுக்குள்ளே இருக்கின்றன. பெரும்பாலும் முஸ்லிம் நெசவாளர்கள். வெள்ளிக்கிழமை தறி ஓடாது, அன்று போகாதீர்கள். மதன்புராவில் நடந்தாலே தறிச் சத்தம் சந்தில் கேட்கும், விசைத்தறி என்றால் விடாத ஒரே இரைச்சல், கைத்தறி என்றால் விட்டுவிட்டு வரும் அடி, கேட்ட உடனே வித்தியாசம் தெரியும். விசைத்தறி வந்து கைத்தறிக்காரர்கள் நிறைய பேர் தொழிலை விட்டுவிட்டார்கள், அதனால் கைத்தறிச் சத்தம் கேட்டால் நின்று கவனியுங்கள்.

அங்கே ‘கடுவா’ என்று ஒரு வேலை. ஒவ்வொரு பூவுக்கும் தனியாக ஜரிகை இழை விட்டு, அந்தப் பூவோடு இழையை நிறுத்தித் திருப்புவார்கள். புடவையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பூவுக்குப் பூ இழை தொங்காது. இன்னொரு முறையில் ஊடை இழையை அகலம் முழுக்க ஓட்டிவிட்டு இடையில் கிடப்பதை வெட்டி எடுப்பார்கள், பின்னால் வெட்டிய நுனிகள் தெரியும். முதல் வகைக்கு நாள் அதிகம், கூலியும் அதிகம். பனாரஸ் பட்டுக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் அந்தப் பெயரில் வேறு ஊர் விசைத்தறிச் சேலைகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, குறியீட்டைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள், திருப்பிப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். அது அவர்கள் வீடு. தறி இருக்கும் அறைக்கு அடுத்த அறையில் பெண்கள் நூல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கேமராவை வெளியில் எடுக்காமல் போய், வாசலில் நின்று கேட்டு, கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள். கூடப் பெண்கள் இருப்பதால் உங்களுக்கு எளிது. பார்த்துவிட்டுப் பணம் நீட்டினால் சிலருக்கு மனது சங்கடப்படும். பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிப் போங்கள், புடவை பிடித்திருந்தால் அங்கேயே வாங்குங்கள். பேரம் பேசினாலும் அரை விலைக்குக் கேட்காதீர்கள், என் அப்பாவிடம் அப்படிக் கேட்டவர்கள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அமராவதிக்கரை:
அண்ணா, மிக்க நன்றி, வெள்ளிக்கிழமை விஷயம் எங்கேயும் படிக்கவில்லை. இன்னும் சில கேள்விகள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படிகள் எவ்வளவு கஷ்டம்? மணிகர்ணிகையை அம்மா பார்க்க வேண்டும் என்கிறார், எப்படி நடந்துகொள்வது? படகே வேண்டாமா?

ரயில்கூடு:
படிகள் உயரம், சமமாகவும் இருக்காது. அஸ்ஸியில் ஓரளவு எளிது, வண்டி கிட்டத்தட்ட ஆறு வரை போகும். கோதௌலியாவுக்கு அந்தப் பக்கம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மீதி நடைதான். கோயிலுக்குள் செல்போன் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும், அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் ஒரு வரிசை மிச்சம். ஆண்டுக் கடைசியில் தரிசனக் கூட்டம் மிக அதிகம், ஜனவரி 1 அன்று கோயிலுக்குத் திட்டமிடாதீர்கள்.

லங்கா வாசல்:
அம்மாவுக்குப் படகுதான் நல்லது, கட்டாயம் போங்கள். மோட்டார் படகில் கூட்டமாக ஏறாமல் துடுப்புப் படகாகப் பாருங்கள். சத்தமில்லாமல் கரையோரமாகவே போகும், படகுக்காரரோடு பேசவும் முடியும். ஏறும் முன் மொத்தத் தொகையா, ஆளுக்கா, எவ்வளவு நேரம், எங்கிருந்து எதுவரை என்று பேசிவிடுங்கள். ஆளுக்கு என்று பிறகு மாற்றுவதுதான் அங்கே வழக்கமான தகராறு.

மணிகர்ணிகையை அம்மா படகிலிருந்தே பார்த்துக் கும்பிடலாம். இரவும் பகலும் சிதை எரியும் இடம், வந்திருப்பவர்கள் தங்கள் வீட்டு மனிதரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். போன், கேமரா இரண்டும் பைக்குள் இருக்கட்டும். கரையில் நின்றால் யாராவது வந்து தானாகவே விளக்கம் சொல்லத் தொடங்கி, ஏழைகளின் விறகுக்கு என்று பணம் கேட்பார், மாடிக்குக் கூட்டிப்போகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

இப்போது சாப்பாடு. காலையில் ஊரே கச்சோரி, உருளைக்கிழங்கு சப்ஜி, ஜிலேபிதான். உளுந்துப் பூரணம் வைத்த பெரிய கச்சோரியைக் கேளுங்கள். பதினோரு மணிக்குப் போனால் பல கடைகளில் அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போகும் மாதத்தில் மட்டும் கிடைப்பது மலையோ. பாலைக் காய்ச்சி இரவு முழுக்கத் திறந்த வெளியில் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து நுரையை மட்டும் எடுப்பார்கள், குங்குமப்பூ, ஏலக்காய் போட்டு மண் குவளையில் தருவார்கள். வாயில் வைத்ததும் ஒன்றும் இருக்காது, மணம் மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும், அதனால் காலையிலேயே சௌகம்பா, தட்டேரி பஜார் பக்கம் போங்கள். தட்டேரி பஜார் பித்தளைப் பாத்திரத் தெரு, அம்மாவுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது. மாலையில் தக்காளி சாட். அம்மாவுக்கு நம் சாப்பாடுதான் வேண்டும் என்றால் ஹனுமான் காட், கேதார் காட் பகுதியில் இட்லி கிடைக்கும்.

பாட்டன் வீதி:
ஹனுமான் காட் போகிறவர்களுக்கு: பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் தன் அத்தை வீட்டில் இருந்தார். அந்த வீடு, சிவமடம், அங்கேதான். 2022இல் தமிழ்நாடு அரசு உள்ளே ஒரு பகுதியை நினைவிடமாக்கியது. குடும்பம் இன்னமும் வாழ்கிற வீடு, சமையல் வாசனை வரும்போது நாம் போய்க் கதவைத் தட்டக்கூடாது, காலை பத்து மணிக்கு மேல் போய் அமைதியாகப் பாருங்கள்.

வெண்ணாறு:
இழையில் குறுக்கிடுகிறேன். நாங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் போகலாம் என்று இருக்கிறோம், இதே யோசனைகள் பொருந்துமா?

லங்கா வாசல்:
ஆகஸ்டில் இதில் பாதி நடக்காது. கங்கை ஏறினால் படித்துறைகள் முழுகிவிடும், ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வழி இருக்காது, படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். வெள்ளம் பெரிதானால் மணிகர்ணிகையில் மாடியில் வைத்து எரிப்பார்கள். செப்டம்பர் கடைசிக்குத் தள்ள முடிந்தால் எதிர்க்கரையில் ராம்நகர் ராமலீலை கிடைக்கும், ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும். தேதி திதிப்படி மாறும். மைக் கிடையாது, மின்விளக்கு கிடையாது. ஊரே மேடை. அயோத்தி ஓரிடம், லங்கை வேறிடம், கூட்டமும் கதையோடு நடந்து போகும். காசி ராஜ வம்சத்தவர் யானை மேல் வருவது பழைய வழக்கம். பெரியவர்கள் கையில் துளசிதாசர் ராமாயணமும் டார்ச்சும் வைத்துக்கொண்டு கூடவே வாசிப்பார்கள். வசனம் தொடங்கும் முன் அமைதிக்காக ஒரு குரல் எழும், ஆயிரக்கணக்கானவர்கள் சட்டென்று அடங்குவார்கள். தரையில் உட்கார ஒரு விரிப்பு கொண்டுபோங்கள், போன் வெளிச்சம் போடாதீர்கள். ஏப்ரலில் போக முடிந்தவர்களுக்கு சங்கட் மோசன் கோயில் இசை விழா, 1923இலிருந்து நடப்பது, இரவு முழுக்கப் பெரிய பெரிய கலைஞர்கள், அனுமதி இலவசம்.

அமராவதிக்கரை:
எங்கள் திட்டம் இப்படி மாறிவிட்டது. ஹனுமான் காட் பக்கம் அறை பார்க்கிறோம். காரியம் முடியும் வரை அம்மாவோடு மட்டும். அப்புறம் காலைகளில் படி, அதே டீக்கடை, ஒரு நாள் மதன்புரா, ஒரு நாள் தட்டேரி பஜார், சம்போ. புத்தர் முதலில் போதித்த சாரநாத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம்.

ஆத்தங்குடி ஓடு:
சாரநாத் பத்து கிலோமீட்டர்தான், அம்மாவுக்குப் படி ஏறாத இடமாகவும் ஒன்று இருக்கட்டும், மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போங்கள். அறை பதிவு செய்யும்போது எந்த மாடி, கட்டிலா தரையா, வெந்நீர் எந்த நேரம் என்று மூன்றையும் போனிலேயே கேட்டு வாங்குங்கள். சந்துக்குள் இருக்கும் பழைய வீடுகளில் படிக்கட்டு மிகக் குறுகல், முழங்கால் வலியோடு மூன்றாம் மாடி தாங்காது. அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி எடுத்து வையுங்கள் தங்கச்சி, கோயில்களில் வெறும் கல்லில் நிற்க முடியாத குளிர்.